மாநிலப் பண்பாட்டு ஆணையங்களை மறுசீரமைக்கும் சட்டங்கள் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களில் கலை, வரலாறு, மரபுச் சின்னங்கள், சமூகக் குழுக்களின் நலன் ஆகியவற்றைக் கவனிக்க அரசு ஆணையங்கள் இருக்கின்றன. இவற்றை ஒன்றோடொன்று இணைக்கவும், கலைக்கவும், வேறு துறையின் கீழ் மாற்றவும் மாநிலச் சட்டமன்றங்கள் அவ்வப்போது சட்டம் இயற்றுகின்றன. இவை பெரும்பாலும் செலவைக் குறைப்பதற்கும் நிர்வாகத்தை எளிமையாக்குவதற்கும் என்ற காரணத்தோடு கொண்டுவரப்படுகின்றன. ஆனால் ஓர் ஆணையத்தின் பெயர் சட்டப் புத்தகத்தில் நீடித்தாலும் அதன் நிதி, உறுப்பினர் நியமனம், முடிவெடுக்கும் உரிமை ஆகிய மூன்றில் ஒன்று கைமாறினால் ஆணையத்தின் தன்மையே மாறிவிடுகிறது. கேன்சஸ், அலாஸ்கா, கனெடிகட், அயோவா ஆகிய நான்கு மாநிலங்களில் நடந்தவை இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

பின்னணி

அமெரிக்காவில் பண்பாட்டுக்கென நடுவண் அமைச்சகம் கிடையாது. கலைக்கான அரசு உதவி நெடுங்காலம் மாநிலங்களின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தது. யூட்டா மாநிலம் 1899ஆம் ஆண்டிலேயே கலைக்கென ஓர் அரசு அமைப்பை நிறுவியது. நியூயார்க் மாநிலம் 1960இல், ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் காலத்தில், தன் கலைக் குழுவைத் தொடங்கியது. எனினும் பெரும்பாலான மாநிலங்களில் இத்தகைய அமைப்பு 1965க்குப் பிறகே தோன்றியது.

அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்றின்மூலம் கலைகளுக்கான தேசிய நிதியம் உருவானது. மாநிலங்களுக்கும் இந்த நிதியத்திலிருந்து பணம் கிடைக்க வழி செய்யப்பட்டது. அதைப் பெற வேண்டுமானால் மாநிலத்தில் கலைக்கென ஓர் அரசு அமைப்பு இருக்க வேண்டும். எனவே அடுத்த சில ஆண்டுகளில் மாநிலங்கள் வரிசையாகக் கலை ஆணையங்களை ஏற்படுத்தின. இன்று 50 மாநிலங்களையும் தலைநகர்ப் பகுதியையும் ஆட்சிப்பகுதிகளையும் சேர்த்து இவ்வாறான 56 அமைப்புகள் உள்ளன.

இரு வகை ஆணையங்கள்

பண்பாட்டு விவகாரங்களுக்கான மாநில ஆணையங்களை இரண்டு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கலை மற்றும் மரபு ஆணையங்கள். கலைஞர்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் ஊர்க் கலை மையங்களுக்கும் நல்கை வழங்குவது, அருங்காட்சியகங்களையும் ஆவணக் காப்பகங்களையும் நடத்துவது, பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது ஆகியவை இவற்றின் பணிகள்.

இரண்டாம் வகை, சமூக விவகார ஆணையங்கள். கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஆசிய வம்சாவளியினர், பூர்வகுடிகள் முதலிய சமூகங்களின் தேவைகளை ஆராய்ந்து சட்டமன்றத்துக்கோ ஆளுநருக்கோ ஆலோசனை சொல்பவை இவை. நல்கை வழங்குவதைவிட, அரசின் காதில் ஒரு சமூகத்தின் குரலைச் சேர்ப்பதே இவற்றின் முதன்மைப் பணி.

இரண்டு வகைகளும் சட்டத்தால் ஏறத்தாழ ஒரே முறையில் கட்டமைக்கப்படுகின்றன. எத்தனை உறுப்பினர்கள், அவர்களை யார் நியமிப்பது, பதவிக்காலம் எவ்வளவு, எந்த முடிவை ஆணையமே எடுக்கலாம், எதற்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும், ஊழியர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பவற்றைச் சட்டம் வரையறுக்கிறது. பல ஆணையங்களில் உறுப்பினர்களின் பதவிக்காலம் ஒரே நேரத்தில் முடியாதபடி அமைக்கப்பட்டிருக்கும். ஒரு ஆளுநர் பதவியேற்றவுடன் ஆணையம் முழுவதையும் மாற்றிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு இது.

ஈட்டு நிதி விதி

மறுசீரமைப்பின் விளைவைப் புரிந்துகொள்ள நடுவண் நிதி மாநிலத்துக்கு வரும் முறையை அறிவது அவசியம். தேசிய நிதியம் தன் நல்கைத் தொகையில் 40 விழுக்காட்டை மாநில அமைப்புகளுக்கும் வட்டார அமைப்புகளுக்கும் வழங்க வேண்டும் என்பது சட்டம். ஒரு மாநிலம் தனக்குரிய பங்கைப் பெற, கலைக்கென அரசு அமைப்பு ஒன்றை வைத்திருக்க வேண்டும்; நிதியம் ஏற்கத்தக்க திட்டத்தை அளிக்க வேண்டும்; வரும் தொகைக்கு ஈடாகத் தன் பங்கையும் போட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை ஒரு டாலருக்கு ஒரு டாலர் என்ற கணக்கில் அமைந்தது.

இதன் பொருள், மாநிலம் ஒரு டாலரை நிறுத்தினால் இழப்பு ஒரு டாலரோடு முடிவதில்லை. அதற்கு இணையாக வெளியிலிருந்து வரும் பணமும் நின்றுபோகும். வரவுசெலவுத் திட்ட அட்டவணையில் சேமிப்பாகத் தெரியும் தொகை, மாநிலத்தின் மொத்தக் கணக்கில் இழப்பாக முடியக்கூடும்.

மறுசீரமைப்பின் வழிகள்

மாநில அரசு ஓர் ஆணையத்தை மாற்றியமைக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, சட்டமன்றம் இயற்றும் வழக்கமான சட்டம். இது இரு அவைகளிலும் நிறைவேறி ஆளுநரின் கையெழுத்தைப் பெற வேண்டும்.

இரண்டாவது, ஆளுநரின் மறுசீரமைப்பு ஆணை. சில மாநிலங்களின் அரசியலமைப்பு, துறைகளை மாற்றியமைக்கும் ஆணையை ஆளுநரே பிறப்பிக்க அனுமதிக்கிறது. கேன்சஸில் இத்தகைய ஆணையைச் சட்டமன்றத்தின் இரு அவைகளில் ஏதேனும் ஒன்று 60 நாள்களுக்குள் பெரும்பான்மை வாக்கால் நிராகரிக்கலாம். நிராகரிக்காவிட்டால் அது சட்டத்தின் வலிமையோடு நடைமுறைக்கு வரும்.

மூன்றாவது, நிதி மறுப்பு. பெரும்பாலான மாநிலங்களில், நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் உள்ள ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் அடித்துவிடும் உரிமை ஆளுநருக்கு உண்டு. இதனால் ஆணையத்தை உருவாக்கிய சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. ஆனால் சம்பளம் கொடுக்கவோ நல்கை வழங்கவோ பணம் இருக்காது.

கேன்சஸ்: 2011 முதல் 2024 வரை

2011 ஜனவரியில் கேன்சஸ் ஆளுநராகப் பதவியேற்ற சாம் பிரவுன்பேக், ஏறத்தாழ 50 கோடி டாலர் பற்றாக்குறையை எதிர்கொண்டார். கேன்சஸ் கலை ஆணையத்தை ஒழித்து, அதன் பணியைத் தனியார் நன்கொடையில் இயங்கும் இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைக்கும் மறுசீரமைப்பு ஆணையை அவர் அந்த ஆண்டு பிப்ரவரியில் பிறப்பித்தார். கலைக்குத் தனியார் ஆதரவே போதும். அரசின் பணம் இன்றியமையாத சேவைகளுக்கே செல்ல வேண்டும் என்பது அவரது வாதம்.

மாநில மேலவை மார்ச் மாதத்தில் 24க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் அந்த ஆணையை நிராகரித்தது. 40 உறுப்பினர் கொண்ட அந்த மேலவையில் ஆளுநரின் குடியரசுக் கட்சியே பெரும்பான்மை வகித்தது. எனவே எதிர்ப்பு அவரது சொந்தக் கட்சிக்குள்ளிருந்தும் வந்தது. சட்டமன்றம் ஆணையத்துக்கு 6,89,000 டாலரை ஒதுக்கி நிதி மசோதாவையும் நிறைவேற்றியது.

மே மாத இறுதியில் ஆளுநர் அந்த ஒரு தொகையை மட்டும் அடித்துவிட்டார். இந்த மறுப்பைச் செல்லாததாக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். மேலவையில் அதற்கு 27 பேர் தேவை. மறுசீரமைப்பு ஆணையைத் தோற்கடித்த 24 வாக்குகள் அப்படியே திரண்டிருந்தாலும் அது போதாது. நிதி திரும்பவில்லை. நேர்வழியில் வென்ற சட்டமன்றம் நிதி வழியில் தோற்றது. கலை ஆணையம் சட்டத்தில் இருந்தது. ஊழியர்களும் பணமும் இல்லை. 50 மாநிலங்களில் தன் கலை அமைப்புக்கு நிதியே ஒதுக்காத முதல் மாநிலமாகக் கேன்சஸ் ஆனது.

கேன்சஸின் அன்றைய பொது நிதி ஏறத்தாழ 600 கோடி டாலர். அடிக்கப்பட்ட தொகை அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் ஈடு வைக்க மாநிலப் பணமும் இயங்கும் அமைப்பும் இல்லாததால், தேசிய நிதியத்தின் பங்கும் நடுமேற்கு, தென்மத்திய மாநிலங்கள் சிலவற்றுக்குப் பொதுவான வட்டாரக் கலைக் கூட்டமைப்பின் உதவியும் கைநழுவின. இவ்விரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம் டாலர். 7 லட்சத்தைச் சேமிக்க 12 லட்சத்தை இழந்ததாக எதிர்ப்பாளர்கள் கணக்குக் காட்டினர். இழப்பின் சுமை எல்லாருக்கும் சமமாக இருக்கவில்லை. பெருநகர அருங்காட்சியகத்துக்கும் இசைக்குழுவுக்கும் செல்வந்தர்களின் நன்கொடை கிடைக்கும். சிறு நகரத்துக் கலை மையத்துக்கு அரசின் சிறு நல்கையே மற்ற நன்கொடைகளைத் திரட்டுவதற்கான அடித்தளம்.

மறு ஆண்டே அரசின் நிலைப்பாடு மாறியது. கலை ஆணையத்தையும் திரைப்பட ஆணையத்தையும் இணைத்து, மாநில வணிகத் துறையின் கீழ் படைப்புக் கலைத் தொழில்கள் ஆணையம் என்ற புதிய அமைப்பை 2012இல் சட்டமன்றம் உருவாக்கியது. அதற்கு 7 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அடிக்கப்பட்ட தொகையும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே. மாறியது நோக்கம். பழைய ஆணையம் கலை மக்களைச் சென்றடைவதைத் தன் பணியாகக் கொண்டிருந்தது. வணிகத் துறையின் கீழ் அமைந்த புதிய ஆணையத்தின் பெயரிலேயே தொழில் என்ற சொல் இடம்பெற்றது. வேலைவாய்ப்பும் பொருளாதார வளர்ச்சியும் நல்கைக்கான நியாயங்களாக முன்னால் வந்தன. பின்னர் மாநிலத்துக்குத் தேசிய நிதியத்தின் பங்கு மீண்டும் கிடைத்தது. 2024இல் அந்த அமைப்பு கேன்சஸ் கலை ஆணையம் என்ற பழைய பெயருக்குத் திரும்பியது. எனினும் அது இருப்பது வணிகத் துறையின் கீழ்தான்.

அலாஸ்கா: 2019

அலாஸ்கா மாநிலக் கலைக் குழுவுக்குப் பிற மாநில அமைப்புகளைவிட அதிகத் தன்னாட்சி தரும் நோக்கத்தோடு, 2017இல் இயற்றப்பட்ட சட்டம் அதை அரசுக் கழகமாக மாற்றியது. தனியார் அறக்கட்டளைகளின் பணத்தைப் பெற்றுச் செலவிடுவது இதனால் எளிதாயிற்று.

2019 ஜூன் மாத இறுதியில் ஆளுநர் மைக் டன்லீவி, கலைக் குழுவின் ஏறத்தாழ 28 லட்சம் டாலர் ஒதுக்கீடு முழுவதையும் அடித்தார். அதில் மாநிலத்தின் சொந்தப் பணம் சிறு பகுதியே. மீதி, நடுவண் அரசிடமிருந்தும் தனியார் அறக்கட்டளைகளிடமிருந்தும் வர வேண்டியது. வெளியிலிருந்து வரும் பணமானாலும் அதைச் செலவிடச் சட்டமன்ற ஒதுக்கீட்டின் அனுமதி வேண்டும் என்பதால், ஆளுநரின் ஒரு கோடு எல்லாவற்றையும் நிறுத்தியது. ஜூலை நடுவில் அலுவலகம் மூடப்பட்டது. மாநிலம் முழுவதும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் சட்டமன்றம் தொகையை மீண்டும் ஒதுக்கியது. ஆகஸ்டில் ஆளுநரும் அதை ஏற்றார்.

தன்னாட்சி பற்றிய சட்டம் எவ்வளவு உறுதியாக எழுதப்பட்டிருந்தாலும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் நிதி ஒதுக்கீட்டை நம்பியிருக்கும் வரை அந்தத் தன்னாட்சிக்கு எல்லை உண்டு என்பதை இந்நிகழ்வு காட்டியது.

கனெடிகட்: இணைப்பின் படிகள்

கனெடிகட்டில் மாற்றம் ஒரே அடியாக வராமல் படிப்படியாக நடந்தது. 2003இல் கலை, சுற்றுலா, வரலாறு, திரைப்படம் ஆகியவற்றுக்கான தனித்தனி அமைப்புகள் ஒரே ஆணையமாக இணைக்கப்பட்டன. அந்த ஆணையத்தின் முதல் பெயரில் கலை, சுற்றுலா, பண்பாடு, வரலாறு, திரைப்படம் என்ற ஐந்து சொற்களும் இருந்தன. பின்னர் அது பண்பாடு மற்றும் சுற்றுலா ஆணையம் எனச் சுருங்கியது. 2011இல், ஆளுநர் டானெல் மலாய் காலத்தில், பொருளாதார, சமூக மேம்பாட்டுத் துறைக்குள் அது சேர்க்கப்பட்டது.

சமூக விவகார ஆணையங்களும் இதே பாதையில் சென்றன. பெண்களின் நிலை, குழந்தைகள், முதியோர், லத்தீன் மற்றும் புவேர்ட்டோ ரிக்கோ மக்கள், ஆப்பிரிக்க அமெரிக்கர், ஆசிய பசிபிக் அமெரிக்கர் ஆகியோருக்கெனச் சட்டமன்றத்தின் கீழ் ஆறு ஆணையங்கள் இயங்கிவந்தன. இவற்றில் பெண்களுக்கான ஆணையம் 1973இல் தொடங்கியது. ஆசிய பசிபிக் அமெரிக்கருக்கானது 2008இல்தான் உருவானது. நிதி நெருக்கடியின்போது 2016இல் இயற்றப்பட்ட சட்டம் ஆறையும் இரண்டாகச் சுருக்கியது. பெண்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு ஓர் ஆணையம். சமத்துவம், வாய்ப்பு ஆகியவற்றுக்கு மற்றோர் ஆணையம். 2019இல் அவ்விரண்டும் ஒன்றாயின.

இவ்விணைப்பை ஆதரித்தவர்கள், ஆறு அலுவலகங்களுக்கு ஆறு இயக்குநர்கள் தேவையில்லை என்றும், ஒரு கறுப்பினப் பெண்ணின் சிக்கலை இரண்டு ஆணையங்கள் பிரித்துப் பார்ப்பதைவிட ஒரே ஆணையம் சேர்த்துப் பார்ப்பது நல்லது என்றும் கூறினர். இரண்டாவது வாதத்தில் வலு உண்டு. எதிர்த்தவர்களின் கவலை வேறு. தனி ஆணையம் இருந்தபோது ஒரு சமூகத்தின் கோரிக்கை நேராகச் சட்டமன்றத்துக்குச் சென்றது; இணைந்தபின் அது முதலில் ஆணையத்துக்குள்ளேயே மற்றக் கோரிக்கைகளோடு இடத்துக்குப் போட்டியிட வேண்டும்.

அயோவா: 2023 முதல்

அயோவாவில் பண்பாட்டு விவகாரத் துறை 1986இல் நடந்த அரசு மறுசீரமைப்பில் உருவானது. 1857இல் நிறுவப்பட்ட மாநில வரலாற்றுச் சங்கமும் மாநிலக் கலைக் குழுவும் அதன் கீழ் வந்தன. ஒரு மறுசீரமைப்பில் பிறந்த துறை, 37 ஆண்டுகள் கழித்து இன்னொரு மறுசீரமைப்பில் மறைந்தது.

2023 ஏப்ரல் 4 அன்று ஆளுநர் கிம் ரெய்னால்ட்ஸ் கையெழுத்திட்ட சட்டம் 1,500 பக்கங்களுக்கும் மேற்பட்டது. அமைச்சரவை நிலையிலான 37 துறைகளை அது 16 ஆகக் குறைத்தது. பண்பாட்டு விவகாரத் துறை கலைக்கப்பட்டு அதன் பிரிவுகள் பங்கிடப்பட்டன. கலைக் குழுவும் திரைப்படப் பிரிவும் பொருளாதார மேம்பாட்டு ஆணையகத்துக்குச் சென்றன. வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகங்களும் நிர்வாகச் சேவைகள் துறைக்குச் சென்றன. அரசுக் கட்டடங்களின் பராமரிப்பு, கொள்முதல், ஊழியர் நிர்வாகம் ஆகியவற்றைக் கவனிக்கும் துறை அது.

2024 மே மாதம் கையெழுத்தான அடுத்த சட்டம் 83 வாரியங்களையும் ஆணையங்களையும் நீக்கியோ இணைத்தோ அமைத்தது. லத்தீன் மக்கள், ஆப்பிரிக்க அமெரிக்கர், ஆசிய பசிபிக் தீவினர், பூர்வகுடிகள் ஆகியோருக்கான தனி ஆணையங்கள் இச்சட்டத்தால் முடிவுக்கு வந்தன. பயன்படாத வாரியங்கள் பல ஆண்டுகளாகக் குவிந்துகிடந்தன என்பது அரசின் விளக்கம். உறுப்பினர் பதவிகள் நிரம்பாமலும் கூட்டமே நடத்தாமலும் சில வாரியங்கள் இருந்தது உண்மை.

இந்த மாற்றத்தின் முழுப் பொருள் 2025 கோடையில் வெளிப்பட்டது. அயோவா சிட்டி நகரில் உள்ள வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வு மையத்தை மூடப்போவதாக நிர்வாகச் சேவைகள் துறை அறிவித்தது. கடிதங்கள், நாட்குறிப்புகள், செய்தித்தாள்கள், ஒளிப்படங்கள் எனப் பல தலைமுறைகளின் ஆவணங்கள் அங்கே இருந்தன. பராமரிப்புச் செலவும் பணப் பற்றாக்குறையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வரலாற்றாசிரியர்களும் ஆவணங்களை நன்கொடையாக அளித்தவர்களும் எதிர்த்தனர். விவகாரம் நீதிமன்றம் சென்றது. கட்டடக் கண்ணோட்டத்தில் ஒரு காப்பகம் என்பது சதுர அடிகளும் பராமரிப்புச் செலவும். வரலாற்றுக் கண்ணோட்டத்தில் அது ஒருமுறை கலைந்தால் மீண்டும் சேராத தொகுப்பு. எந்தத் துறை முடிவெடுக்கிறது என்பதைப் பொறுத்து எந்தக் கண்ணோட்டம் முன்னிற்கும் என்பதும் அமைகிறது.

ஆதரவும் எதிர்ப்பும்

மறுசீரமைப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. ஒரே பணியைப் பல அலுவலகங்கள் செய்வது தவிர்க்கப்படும். பொறுப்பு யாருடையது என்பது மக்களுக்குத் தெளிவாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் விளைவுக்குப் பதில் சொல்வார். சிறு ஆணையம் பெரிய துறையோடு சேர்ந்தால் அத்துறையின் கணக்கு, சட்ட, தொழில்நுட்ப வசதிகள் அதற்கும் கிடைக்கும்.

எதிர்ப்பவர்களின் காரணங்களும் மூன்று. பண்பாட்டு ஆணையங்களின் செலவு மிகச் சிறியது என்பதால் சேமிப்பும் சிறியதே. ஈட்டு நிதி விதியால் அது இழப்பாகவும் மாறலாம். பெரிய துறையின் நோக்கம் சிறிய ஆணையத்தின் நோக்கத்தை விழுங்கிவிடும். பதவிக்காலம் வரையறுக்கப்பட்ட குடிமக்கள் உறுப்பினர்கள் எடுத்த முடிவுகளை, ஆளுநர் விரும்பும்வரை பதவியில் இருக்கும் இயக்குநர் எடுக்கத் தொடங்குவார்.

எல்லா இணைப்பும் தீங்கானதும் அல்ல. தனி ஆணையமாக நிற்பது மட்டுமே பாதுகாப்பும் அல்ல. 2011இல் கேன்சஸில் ஆணையம் தனியாகத்தான் நின்றது. பணம் இல்லாமல் நின்றது. மறுபுறம், வணிகத் துறைக்குள் சென்ற பிறகே அதற்கு நிதி திரும்பியது.

மசோதாவில் கவனிக்க வேண்டியவை

இவ்வகை மசோதாக்களின் முன்னுரைகளில் திறன், சிக்கனம், ஒருங்கிணைப்பு முதலிய சொற்கள் பொதுவாக இருக்கும். அவற்றை வைத்து ஒரு மசோதாவை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இயலாது. வேறுபாடு உட்பிரிவுகளில் உள்ளது. ஆணையத்துக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரி உண்டா, அல்லது துறையின் மொத்தத் தொகைக்குள் அது கரைகிறதா? நல்கை யாருக்கு என்பதை உறுப்பினர்கள் முடிவு செய்கிறார்களா, வெறுமனே பரிந்துரைக்கிறார்களா? உறுப்பினர்களைக் காரணமின்றி நீக்க முடியுமா? நடுவண் நிதிக்குத் தேவையான தகுதி இடைவெளியின்றித் தொடர்கிறதா? ஆணையத்தின் பொறுப்பில் இருந்த தொகுப்புகளும் நன்கொடைகளும் எந்த நிபந்தனையோடு கைமாறுகின்றன?

ஆங்கிலத்தில் இவ்வகைச் சட்டங்களில் அடிக்கடி வரும் இரு சொற்களின் வேறுபாடு இங்கு முக்கியமானது. ஒரு பணியைத் துறை “செய்ய வேண்டும்” என்று சட்டம் சொன்னால் அது கடமை. செய்யாவிட்டால் நீதிமன்றத்தில் கேட்கலாம். “செய்யலாம்” என்று சொன்னால் அது விருப்பம். மறுசீரமைப்புச் சட்டங்களில் சில நேரங்களில் ஆணையத்தின் பெயர் அப்படியே இருக்க, கடமை மட்டும் விருப்பமாக மாறியிருக்கும். சட்டம் நிறைவேறும் நாளில் இது யார் கண்ணிலும் படாது. சில ஆண்டுகள் கழித்து ஒரு நல்கை நிற்கும்போதோ ஒரு காப்பகம் மூடப்படும்போதோதான் அந்த ஒரு சொல்லின் விளைவு தெரியவரும்.